கோப்பிக்காட்டு மலையில் மதினியும் நானும்

நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதனால் இதில் எழுத்துப் பிழை இருக்கும், வாக்கியம் கோணிக்கொண்டு போகும், எது முன்னே நடந்தது எது பின்னே நடந்தது என்பதும் சில இடத்தில் குழம்பிவிடும். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவள் நான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எப்போது நினைத்தாலும் முதலில் கண்ணுக்கு வருவது காம்பிராத் தரையில் விரித்த ஒரு சாக்குத்தான். தோட்டத்துக்காரர் கட்டிய வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் ஒற்றை அறையைத்தான் காம்பிரா என்போம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கதவைச் சாத்திவிட்டு, மதினி அந்தச் சாக்கின் மேல் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். கொழுந்துக் கூடைக் கயிறு இரண்டு, ஒன்றோடொன்று முடிந்தது. அண்ணன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, துணி சுற்றி. கைப்பிடி வெட்டிக் குட்டையாக்கிய, மண் கிளறும் முள்ளு ஒன்று. போத்தல் இரண்டில் தண்ணீர், ஒன்றில் தேத்தண்ணி. வாழையிலையில் ரொட்டியும் சம்பலும். அட்டை கடித்தால் போட உப்பும் சவர்க்காரத் துண்டும். மெழுகுதிரி உருக்கி ஊற்றி மூடிய தீப்பெட்டி. கிழிந்த சேலைத் துண்டு, அடிபட்டால் கட்டுவதற்கு. பாதத்தில் சுற்றிக்கொள்ளச் சாக்குப் பட்டை நாலு. கம்பளி ஒன்று. வைத்துவிட்டு விரலை மடக்கி ஒருதடவை எண்ணுவார், பிறகு என்னை எண்ணச் சொல்வார். என் எண்ணிக்கையும் சரியாக வந்தால்தான் மூட்டை கட்டுவார். புதையல் எடுக்கப் போகிறவர்கள் இப்படிப் போவார்களா என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போதும் தெரியாது.

மதினி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. எங்கள் அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மேல் லயத்தில், அண்ணன், மதினி, நான் மூன்று பேரும் ஒரே காம்பிராவில் இருந்தோம். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். திருச்சிப் பக்கத்தில் தாத்தாவின் நிலத்தில் ஏதோ தகராறு என்று கடிதம் வந்தது. பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்புகிறேன் என்று அண்ணன் கப்பலேறினார். அவர் போன பிறகுதான் தெரிந்தது, புதுச் சட்டத்தின்படி எங்களில் ஒருவருக்கும் இந்த நாட்டுப் பிரஜை என்று பேர் இல்லை, போனவர் திரும்பி வரமுடியாது என்று. அண்ணன் இரண்டு கடிதம் போட்டார். அப்புறம் இல்லை. ஊருக்குப் போய்வந்த ஒருவர் ஹட்டன் கடைவீதியில் மதினியைப் பார்த்து, பெரியப்பா வீட்டார் அண்ணனுக்கு அங்கேயே ஒரு பெண் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். “தேயிலை மலையில இருந்து வெறுங்கையோட வர்றவளுக்கு இங்க என்ன இருக்கு” என்று பெரியம்மா கேட்டாராம்.

அன்றைக்கு மதினி அழவில்லை. ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னார்: “போறேன் புள்ள. அவங்க முன்னால போய் நிக்கிறேன். ஆனா வெறுங்கையோட போக மாட்டேன்.”

கோப்பிக்காட்டுப் பெட்டியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேயிலை வருவதற்கு முன்னால் எங்கள் மலையெல்லாம் கோப்பியாம். இலையில் நோய் விழுந்து தோட்டம் அழிந்தபோது, அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரை, வெள்ளிச் சாமான்களை எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில் போட்டு, மேல்மலையில் இருந்த கோப்பி ஸ்டோர் பக்கமாகப் புதைத்துவிட்டு, காய்ச்சலில் செத்துப்போனாராம். பெட்டியைத் தூக்கிப் போனவர்களில் ஒருவர் மதினியின் பாட்டனார் என்று மதினியின் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டோருக்குக் கீழே, மதில் கட்டிய சரிவில், என்று இடம்கூடச் சொல்லியிருக்கிறார். அந்த மலையில் தேயிலை பிடிக்கவில்லை. புல்லும் பாறையும்தான். மாசி, பங்குனியில் காற்று அடித்து அடித்து, புல்லெல்லாம் வெந்து, சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. ஆடு மேய்க்கக்கூட ஒருவரும் போவதில்லை. அதற்குக் காரணம் தண்ணீர் மட்டும் இல்லை. பெட்டியைப் பூதம் காவல் காக்கிறது, இரண்டு பேர் போனால் ஒருவரை எடுத்துக்கொண்டுதான் மற்றவருக்குப் பெட்டியைக் காட்டும் என்று ஒரு பேச்சு.

அதனால் மதினிக்குக் கூட்டாளி கிடைப்பது பெட்டி கிடைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. வேடிக்கை பேசுவதுபோல் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தார். ஒருநாள் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடியில் குடம் பிடிக்கும்போது கோடிக் காம்பிரா அக்காவிடம் பேச்சைப் போட்டார். அந்த அக்கா நல்ல பருமன்.

“கூட யாரடி கூட்டிட்டுப் போகப்போற? பூதத்துக்கு யாரு சோறு?” என்று அக்கா கேட்டார்.

“ஒங்களத்தான் நெனச்சிருக்கேன் அக்கா. ரெண்டு நாளைக்கு அதுக்குப் பசி எடுக்காது.”

பீலியடியே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டு, வருவதென்றால் தன் புருஷன், தம்பி, பிள்ளைகள் ஐந்து, ஆட்டுக்குட்டி எல்லாவற்றோடும்தான் வருவேன் என்றார். “திருவிழாவுக்கா போறோம்?” என்று மதினி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கோயில் பூசாரியிடம் கேட்டார். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கறுப்புச் சேவல் ஏழு வேண்டும் என்றார். “ஏழு சேவல் இருந்தா நான் ஏஞ்சாமி பொதையலுக்குப் போறேன்” என்று மதினி கேட்க, அவர் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார். கடைசியாகக் கவ்வாத்து வெட்டும் ஆள் ஒருவர் தானாகவே வீட்டுக்கு வந்து, வருகிறேன் என்றார். மதினி தேத்தண்ணி கொடுத்தார். அவர் குடித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஒன் நாத்தனாளையும் கூட்டிட்டு வா. கன்னிப் பொண்ணு. பூதத்துக்கு அதுதான் புடிக்குமாம்” என்றார். மதினி அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி மிச்சத் தேத்தண்ணியை வாசலில் ஊற்றினார். “எந்திரிங்க” என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, அந்தப் புதையல் பேச்சை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டார்.

விடவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சாயந்தரம், விறகு உடைத்துக்கொண்டிருந்தவர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீ வர்றியா புள்ள?” என்று கேட்டார்.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கலாம். கூட்டத்தில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூச்சப்பட்டு அரைப்பேர் போனவள் நான். அதாவது அரைநாள் சம்பளம். கங்காணி என்னை ‘ஊமச்சி’ என்றுதான் கூப்பிடுவார். “நான் எதுக்கு மதினி? எனக்குப் பயமா இருக்கு” என்றேன்.

“பயப்படுறவதான் வேணும். பயமில்லாதவ கூட மலைக்குப் போனா ரெண்டு பேரும் சாகணும்” என்றார். பிறகு, “பூதத்த நெனக்கிறியா? ஒன்னயக் குடுத்து எடுக்குற பெட்டி எனக்கு எதுக்கு?” என்றார்.

அந்த வார்த்தையை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். நம்பிக்கை இல்லாமல் இருந்தது வேறொரு விஷயத்தில். பெட்டி கிடைத்தால் மதினி போய்விடுவார். போனதும் உன்னையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார்தான். ஆனால் பெண்சாதிக்குக் கொடுக்கிற பயணப் பேப்பரை யாரும் தங்கைக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். அந்தக் காம்பிராவில் நான் மட்டும், எனக்கு ஒரு ரொட்டி, விளக்கை அணைத்தால் பேச ஆளில்லை. அதை நினைத்துக்கொண்டேதான் சரி என்றேன்.

மூன்று ஞாயிறு எங்களை நாங்களே பழக்கினோம். விறகுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கூடையில் கல்லைப் போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு கோயில் மலை ஏறி இறங்கினோம். மதினிக்கு எங்கிருந்து அவ்வளவு புத்தி வந்ததோ. பாழுஞ்சுவருக்குப் பக்கத்தில் போகுமுன் கல்லை விட்டெறிந்து பாம்பு பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவருக்குள் போகக்கூடாது, ஒருவர் வெளியே நிற்க வேண்டும். சுவருக்கு அடியில் குடையக்கூடாது. முதல் போத்தல் தண்ணீர் முடிந்ததும் எதைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும். பக்டரியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால் அதற்கு மேல் ஏறக்கூடாது. மூடுபனி வந்தால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். மதினி கூப்பிடுவார், நான் பதில் குரல் கொடுக்க வேண்டும், அவர் என் குரலைப் பிடித்துக்கொண்டு வருவார்.

“மலையில கொரல்தான் கயிறு. ஒனக்குக் கொரலே இல்லையே, என்னா செய்யிறது?” என்று கவலைப்பட்டார். தகரத்தைத் தட்டலாம் என்றேன். அந்தச் சத்தம் காட்டு வாச்சருக்கும் கேட்குமே என்றார். கோயில் மலையில் நின்று என்னைக் கத்தச் சொன்னார். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பூனைக்குட்டி பால் கேக்குது. சரி, ஒரே ஒரு ‘ஓ’ போடு, அது போதும்” என்றார்.

ஒரு முறையைத்தான் எங்களால் கடைப்பிடிக்க முடியவில்லை. எங்கே போகிறோம் என்று ஒரு ஆளிடமாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும். யாரிடம் சொன்னாலும் லயம் முழுக்கப் பின்னால் வரும். “சொல்லுறதுக்கு ஆள் இல்ல. நீதான் அந்த ஆள்” என்று மதினி என் தலையில் தட்டினார்.

முதல் தடவை ஒரு குறையும் இல்லாமல் போய்வந்தோம். ஸ்டோரின் கருங்கல் சுவர் இடுப்பளவு நின்றது. பூ வரைந்த பீங்கான் துண்டு ஒன்று கிடைத்தது. ஸ்டோருக்குக் கீழே சரிவில் படிப்படியாகக் கல் மதில்கள். அவ்வளவு பெரிய சரிவை எப்படித் தேடுவது என்று திகைத்து நின்றபோது மதினிதான் சொன்னார், கொழுந்து எடுக்கிற மாதிரியே எடுப்போம் என்று. ஆளுக்கொரு நிரை. பத்தடி தள்ளித் தள்ளி, குனிந்த தலை நிமிராமல், கீழிருந்து மேலே. அந்த வேலை எங்களுக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். அவரவர் நிரையில் அவரவர்தான் பார்க்க வேண்டும், அடுத்தவள் நிரையில் கை வைக்கக்கூடாது. சங்கு ஊதும்வரை பாதிச் சரிவு முடித்தோம். மிச்சத்தை அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று, விட்ட இடத்தில் மதினி கல்லை அடுக்கி அடையாளம் வைத்தார்.

அடுத்த ஞாயிறு மாசியா பங்குனியா என்று நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. அடையாளக் கல்லிலிருந்து நிரை பிடித்து ஏறினோம். மதினி எனக்கு இடது பக்கம், ஒரு முழங்கால் உயரப் பாறைக்கு அந்தப் புறம். ஏறும்போதே ஏதோ மெல்லிய குரலில் முனகிக்கொண்டிருந்தார், ஊரில் போய் யாரிடம் என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்ப்பதுபோல. மூன்றாவது மதிலுக்குக் கீழே, என் நிரையில், வெந்த புல்லுக்கு நடுவே ஒரு இரும்பு வளையம் தெரிந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். துருப்பிடித்து, பாதி மண்ணில். பெட்டியின் கைப்பிடி அப்படி இருக்குமா, பழைய பீப்பாயில் இருந்து விழுந்ததா, எனக்குத் தெரியாது. காலால் லேசாக நெம்பினேன். அசையவில்லை. கீழே ஏதோ கனம் பிடித்திருந்தது.

மதினி என்று கூப்பிட வேண்டியதுதான். ஒரு வார்த்தை. நான் அதைச் சொல்லவில்லை. காய்ந்த புல்லைப் பாதத்தால் இழுத்து அதன்மேல் மூடிவிட்டு அடுத்த அடி வைத்தேன். என் நிரையை அவர் பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு மேல் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. வெயில் நாளில் இப்படி வருவது உண்டு, எப்போதாவது. நீட்டிய கை தெரியவில்லை. சொன்னபடி உட்கார்ந்தேன். அப்போது மேலே எங்கோ இருந்து மதினியின் குரல் வந்தது. “ஓ...ஓய்!”

இதை வெளியாளுக்கு விளக்குவது கஷ்டம். கொழுந்து மலையில் மத்தியானம் கங்காணி மேலே நின்று இதே மாதிரிதான் ஒரு நீட்டு நீட்டுவார். கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு வா என்று அர்த்தம். அதற்கு யாரும் பதில் குரல் கொடுக்க மாட்டோம். கொடுத்தால், “வாயால வராத, காலால வா” என்று திட்டுவார். குரல் கேட்டதும் கூடையைச் சரிசெய்துகொண்டு, நிரையை விட்டு, கீழே மடுவத்துக்கு இறங்க வேண்டியதுதான். பத்து வருஷம் அந்தக் குரலுக்கு இறங்கிய கால் இது. மதினிக்கும் கூப்பிட வேறு விதம் தெரியாது, மலையில் கூப்பிடுவது என்றால் அவருக்கு அதுதான். என் கால் எழுந்து இறங்கத் தொடங்கிவிட்டது. மூன்று ஞாயிறு பழகியதெல்லாம் எங்கே போனது? சரிவின் அடிக்கு வந்து, மடுவமும் இல்லை, வரிசையாக நிற்கும் பெண்களும் இல்லை என்று கண்ட பிறகுதான் எனக்கு உணர்வு வந்தது. பழக்கத்தில்தான் இறங்கினேன் என்று அன்றிலிருந்து எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அந்த இரும்பை விட்டு விலகி ஓடத்தான் இறங்கினாயோ என்றும் உள்ளே ஒன்று கேட்கிறது.

கீழே நின்று கத்தினேன். பூனைக்குட்டிக் குரல் பனிக்குள் இரண்டு பாகத் தூரம்கூடப் போகவில்லை. மேலே மதினியின் குரல் விடாமல் கேட்டது, ஒவ்வொரு தடவையும் இன்னும் உயரத்திலிருந்து. பதில் வராததால் நான் எங்கோ விழுந்துவிட்டேன் என்று தேடி ஏறிக்கொண்டிருந்தார். ஏறிப் பார்த்தேன், திசை தவறி வேறொரு பாறையில் முட்டி நின்றேன். சங்கு ஊதியது. பனி விலகவில்லை. வெகுநேரம் கழித்துக் கூப்பிடும் சத்தமும் நின்றுபோனது. அந்த அமைதியில்தான் லயத்துக்கு ஓடினேன்.

பெரிய கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். கோடிக் காம்பிரா அக்கா வந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, “எங்கடி ஒன் மதினி?” என்று கத்திய பிறகுதான் கோப்பிக்காடு என்ற ஒரு சொல் வெளியே வந்தது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஆண்கள் கூடினார்கள், பேசினார்கள். பூதம் இருக்கும் மலைக்குப் பொழுது இறங்கிப் போக ஒருவருக்கும் துணிவில்லை. விடியட்டும் என்றார்கள். கூட்டத்தில் யாரோ, “ரெண்டு பேரு போனாங்க, ஒருத்தி வந்துட்டா” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

விடிந்ததும் போனார்கள், நானும் பின்னால் போனேன். ஸ்டோருக்கும் மேலே, ஒரு பாறை இடுக்கில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மதினி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் முறிந்து வீங்கியிருந்தது. கிழிந்த சேலைத் துண்டால் அதைத் தானே இறுக்கிக் கட்டியிருந்தார். குச்சி கிடைக்காமல் கத்தியின் கைப்பிடியை அணைகொடுத்திருந்தார். உயிரோடு இருந்தார். என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இரவு முழுக்கக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துப்போயிருந்தது. கையை நீட்டி என் முகத்தைத் தொட்டுப் பார்த்தார், மூக்கு, நெற்றி, காது என்று. பிறகு அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கம்பில் கம்பளியைக் கட்டித் தூக்கிவந்தார்கள். வரும் வழியில் மூன்றாவது மதிலைத் தாண்டினோம். நான் புல்லைப் பார்க்கவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நாற்பது நாளுக்கு மேல் இருந்தார். அதற்குள் லயத்தில் என் பேர் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மதினியைப் பூதத்துக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு இறங்கினாள், பூதமே பாவம் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்றார்கள். கொழுந்து மலையில் என் பக்கத்து நிரைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். மடுவத்தில் என் கூடைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் இடம் காலியாக இருக்கும். நான் பேசாதவள்தானே, அதனால் அவர்கள் பேசாமல் விட்டது வெளியே தெரியவே இல்லை. எனக்கு மட்டும் தெரிந்தது.

மதினி கம்பூன்றி வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், அதே பீலியடியில், ஒரு பெண் என் காதில் விழும்படி, “பெட்டிய எங்கடி வச்சிருக்கா ஒன் நாத்தனா?” என்று அவரிடம் கேட்டாள். மதினிக்குக் குரல் அப்போதும் கரகரப்பாகத்தான் இருந்தது.

“அவ எறங்கி வந்ததாலதான் நான் உசுரோட நிக்கிறேன். ரெண்டு பேரும் மேலயே இருந்திருந்தா ஒங்க புருஷன்மாருகிட்ட யாரு வந்து சொல்லுறது? எறங்கச் சொல்லிக் கூப்பிட்டதே நான்தான். போ, போய்க் கொடத்த நெரப்பு” என்றார்.

எறங்கச் சொல்லிக் கூப்பிட்டதே நான்தான். அந்த வார்த்தைக்குப் பிறகு பக்கத்து நிரைக்கு ஆள் வரத் தொடங்கினார்கள். ஆனால் அது பொய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உட்காரச் சொன்னவர் அவர். அன்று காம்பிராவில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஏன் பதில் குரல் கொடுக்கவில்லை என்று கேட்பார், கேட்டால் கங்காணியின் குரலையும் சொல்லிவிடலாம், அந்த இரும்பையும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். “சம்பல்ல உப்புக் கொறைச்சல்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மலையைப் பற்றி எங்களுக்குள் பேச்சே வரவில்லை. முன்பெல்லாம் விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டிருப்போம். இப்போது இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி படுத்திருந்தோம்.

அடுத்த வருஷம் அண்ணனிடமிருந்து கடிதமும் பேப்பரும் வந்தன. கால் முறிந்த செய்தி எப்படியோ அங்கே போயிருக்கிறது. வேறு பெண் என்ற பேச்சை அண்ணன் தட்டிவிட்டாராம், வந்து சேர் என்று எழுதியிருந்தார். மதினி காதுத் தோட்டை விற்றுப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். வெறுங்கையோடுதான் போனார். ஹட்டன் ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். சாமான்களை வண்டிக்குள் வைத்துவிட்டு வெளியே நின்றேன். கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்கிறது, மழைக்கு முன்னால் தோட்டத்துக் கண்டாக்கையாவிடம் சொல்லு, ஒருத்திக்கு மட்டும்தானே என்று சமைக்காமல் இருந்துவிடாதே, என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தலையை ஆட்டினேன். “மதினி, என் நெரையில...” என்று தொடங்கினேன். ரயில் அசைந்தது. “என்னா புள்ள?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அதைத்தான் அவர் கடைசியாகப் பார்த்தார்.

இரண்டு கடிதம் வந்தது. இரண்டாவதில் ஒரு மகள் பிறந்திருப்பதாக எழுதியிருந்தார். “இங்க மலையே இல்ல. எட்டிப் பாத்தா எல்லாரும் கண்ணுக்குத் தெரியிறாங்க. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்ல” என்று ஒரு வரி. அதை எத்தனையோ விதமாகப் படித்துப் பார்த்துவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்து, இரும்பு வளையம் என்ற இடம் வந்ததும் கிழித்துப் போட்டேன். அப்படி மூன்று நாலு தடவை. பிறகு எங்களில் யார் எந்த நாட்டுக்கு என்று இரண்டு தேசத்துப் பெரியவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள் என்றார்கள். லயம் லயமாக ஆட்கள் போகத் தொடங்கினார்கள், கோடிக் காம்பிரா அக்காவும் பிள்ளைகளோடு போனார். என் பேர் இந்தப் பக்கத்துக் கணக்கில் வந்தது. நான் இருந்துவிட்டேன். அதே காம்பிராதான், ஒரு ரொட்டிதான். கோப்பிக்காட்டு மலைக்கு நான் அப்புறம் போனதில்லை. அங்கே இருப்பது பெட்டியா பீப்பாயா என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது விபரங்களைச் சரிபார்த்துத் தந்தால் புண்ணியமாகப் போகும். மாசியா பங்குனியா என்பது பஞ்சாங்கம் பார்த்தால் வராது, அந்தக் காலத்து ஆட்களைக் கேட்க வேண்டும். முறிந்தது இடது கால் என்று நினைக்கிறேன், வலது காலாகவும் இருக்கலாம். மதில் மூன்றாவதா நாலாவதா என்றும் எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. திருச்சிப் பக்கம் துறையூரைச் சுற்றி, மலையகத்திலிருந்து போய், ஒரு காலைச் சாய்த்து நடந்த பெண்ணின் மகள் என்று விசாரித்தால் ஒருவேளை ஆள் கிடைக்கும். கிடைத்தால் அந்த மகளிடம் ஒன்று கேளுங்கள். அன்று இரவு என் மதினி பாறை இடுக்கில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் செத்துவிட்டேன் என்று நினைத்தாரா, விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று நினைத்தாரா? மகளிடம் எப்போதாவது சொல்லியிருப்பார். எது என்றாலும் பரவாயில்லை, மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.